நல்ல நாம்பன் லொறியில் போகிறது

மாட்டு வியாபாரி ஒருவர் எமது பட்டியைப் பார்க்க வந்தால் முதலில் எதற்கு விலை பேசுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். நெஞ்சு அகன்று, முதுகு நீண்டு, ஒத்த வயதுக் கன்றுகளுக்குள் ஒரு சாண் உயர்ந்து நிற்கும் நாம்பனுக்குத்தான். நாமும் அதைத்தான் கொடுக்கிறோம். பிள்ளையின் படிப்புச் செலவு, கூரைக்குத் தகரம், அடைவு வைத்த நகை என்று காசு தேவைப்படும் நேரத்தில், கூடிய விலைக்குப் போகும் மிருகத்தை விற்பது இயல்பே. அதைப் பிழை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் அது லொறியில் ஏறிய பின்னர் பட்டியில் மிஞ்சி நிற்பது எது? வியாபாரி கையால் தட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கிய நாம்பன். வயிறு மட்டும் பருத்து, பின்புறம் ஒடுங்கி, மூன்று வயதிலும் கன்று போலத் தோன்றும் அந்த நாம்பன்தான் வரும் மாதங்களில் எமது பசுக்களுடன் சேரப்போகிறது. அடுத்து விழும் கன்றுகளுக்கெல்லாம் தகப்பன் அதுவே. அக்கன்றுகளிலும் நல்லது விற்கப்படும், மோசமானது நிற்கும். இப்படிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சென்ற பின், "முந்தியைப் போல மாடு இல்லை, சிறுத்துப் போச்சு" என்று கவலைப்படுகிறோம். மேய்ச்சல் தரை குறைந்துவிட்டது என்பது உண்மைதான். மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனைப் பகுதி மேய்ச்சல் தரைக்காக 2023 செப்ரெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தெருவோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டம் தொடங்க நேர்ந்ததை அறிவோம். அது ஒரு பெரிய நியாயம். அதற்காகப் பேசவே வேண்டும். ஆயினும் மாடு சிறுப்பதற்கு மற்றொரு காரணம் எமது கையிலேயே இருக்கிறது. அதைப்பற்றியே இக்கட்டுரை.

இடப்பெயர்வு இந்த நிலைமையை இன்னும் மோசமாக்கியது. 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்கள் கயிற்றை அறுத்துவிட்டு வந்த மாடுகள், 2006, 2007இல் வாகரையிலும் படுவான்கரையிலும் கைவிடப்பட்ட பட்டிகள், 2008, 2009இல் வன்னியில் ஊர் ஊராக விட்டு வந்தவை எனக் கணக்கில்லை. திரும்பி வந்தபோது சிலருக்குக் குறி பார்த்து ஒன்றிரண்டு கிடைத்தன. பலருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவர்களுடைய மாடுகள் செத்தோ, கட்டாக்காலியாய் அலைந்து காட்டு மாடாகியோ போயின. பின்னர் வாழ்வாதார உதவியாக வீட்டுக்கு ஒரு பசுவோ ஒரு நாகோ வந்தது. பசு கொடுத்தவர்களில் அநேகர் நாம்பனைப்பற்றி யோசிக்கவில்லை. ஆகவே இன்று பல கிராமங்களில் முப்பது நாற்பது பசு உண்டு. ஆனால் தெரிந்து வைத்திருக்கும் நாம்பன் ஒன்றுகூட இல்லை. தெருவில் திரிவது எதுவோ, அதுவே தகப்பன்.

ஒரு சிறிய கணக்கு

ஒரு பசு ஆண்டுக்கு ஒரு கன்றுதான் ஈனும். ஒரு நாம்பனுக்கு, ஊரில் 25 பசு இருந்தால், குறைந்தது 15 கன்றாவது பிறக்கும். எனவே பசுவில் விடும் தவறு ஒரு வீட்டோடு நிற்கும். நாம்பனில் விடும் தவறு ஊர் முழுவதும் பரவும்.

ஒரே மேய்ச்சலில் வளர்ந்த, ஒரே வயதுடைய நாம்பன்களுக்குள் ஒன்று மற்றவற்றைவிட 40 கிலோ கூட நிறை உடையது என்று வைத்துக்கொள்வோம். இந்த 40 கிலோவும் பிறப்பினால் வந்ததல்ல. தாயின் பால் அதிகமாயிருந்திருக்கலாம், நல்ல காலத்தில் பிறந்திருக்கலாம். வளர்ச்சியில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் இரத்தத்தால் வருவது என்று கொள்ளலாம். அப்படியானால் 13 கிலோ. அதிலும் தகப்பன் கொடுப்பது பாதி. மற்றப் பாதி தாயினுடையது. ஆக ஒரு கன்றுக்கு 6 அல்லது 7 கிலோ. இது அற்பமாகத் தோன்றும். ஆனால் 15 கன்றுகளுக்கு அது ஏறத்தாழ 100 கிலோ. மூன்று ஆண்டு அந்த நாம்பன் ஊரில் நின்றால் 300 கிலோ. அதனை இறைச்சிக்கு விற்றவர் அந்த ஒரு நாளில் கூடுதலாகப் பெற்றதோ 40 கிலோவுக்குரிய காசு.

இது சராசரிக் கணக்கு. ஒவ்வொரு கன்றிலும் அப்படியே தெரியாது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்த 300 கிலோ ஒரு வீட்டுக்கு வருவதில்லை, ஊருக்கு வருகிறது. இரண்டு பசு வைத்திருப்பவர் தம் நாம்பனை விற்காமல் வைத்திருந்தால் அவருக்குக் கிடைப்பது சொற்பம், இழப்போ முழுவதும் அவருக்கே. ஆகவே "நல்ல நாம்பனை விற்காதீர்கள்" என்று ஏழைக் குடும்பத்துக்குப் புத்தி சொல்வதில் பயனில்லை, நியாயமுமில்லை. ஊர் சேர்ந்து அதை வாங்கவேண்டும்.

யாக்கோபுவும் ஏசாவும்

வேதாகமத்தில் மந்தை வளர்ப்பை நன்கு அறிந்த அகதி ஒருவன் உண்டு. தமையனுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி, மாமன் லாபானிடம் இருபது ஆண்டு உழைத்தவன் யாக்கோபு. கோடிட்ட கொப்புகளைத் தொட்டிகளில் போட்டதால்தான் புள்ளியும் வரியுமான குட்டிகள் பிறந்தன என்று நாம் ஞாயிறு பாடசாலையில் கேட்டிருக்கிறோம். ஆதியாகமம் 30, 31ஆம் அதிகாரங்களை ஒரு மாட்டுக்காரன் கண்ணால் மறுபடி வாசித்துப் பாருங்கள். பலத்த ஆடுகள் பொலியும் வேளையில் மட்டுமே அவன் அக்கொப்புகளை வைத்தான், பலவீனமானவற்றுக்கு வைக்கவில்லை. பின்னர் தன் கனவை மனைவியருக்குச் சொல்லும்போது, ஆடுகளோடு பொலியும் கடாக்கள் வரியும் புள்ளியுமாய் இருந்ததைக் கண்டதாகச் சொல்கிறான். அவன் கண் கடாவின்மேல் இருந்தது.

அடுத்த அதிகாரத்தில் ஏசாவுக்கு அனுப்பிய வெகுமதியில் 200 வெள்ளாட்டுக்கு 20 கடா, 40 பசுவுக்கு 10 காளை. பெட்டையை மட்டும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கவில்லை. வாழ்வாதார உதவித் திட்டம் எழுதுவோர் இதை ஒருமுறை வாசிப்பது நல்லது. இன்றைய அனுபவத்தில் 40 பசுவுக்குப் பத்துக் காளை தேவையில்லை. முழு வளர்ச்சியடைந்த, சுகமான நாம்பன் ஒன்று 25 முதல் 30 பசுவரை சமாளிக்கும். இரண்டு பல் போட்ட இளம் நாம்பனுக்கு முதல் ஆண்டில் பத்துப் பதினைந்துக்கு மேல் விடக்கூடாது.

எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?

முதலில் தாயைப் பாருங்கள். ஒழுங்காகச் சினைப்பட்டு, தானாகவே கன்று ஈன்று, கடும் கோடையிலும் எழுந்து நிற்கும் பசுவின் மகன் நல்லவன். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஈனும் பசுவின் மகன் எவ்வளவு அழகாயிருந்தாலும் வேண்டாம்.

பிறகு நாம்பனை நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்க்கவேண்டும். நிற்கும்போது எல்லா நாம்பனும் நன்றாகத்தான் தோன்றும். கால்கள் உள்வளைவின்றி நேராய்ப் போகவேண்டும். குளம்பு பிளந்து விரியக்கூடாது. பின்கால் நோவுள்ள நாம்பன் பசுமேல் ஏறாது. விதைகள் இரண்டும் பையில் இறங்கி, ஒத்த அளவாய், கல்லுப்போலுமன்றிக் கூழ்போலுமன்றி உறுதியாயிருக்கவேண்டும். ஒரே வயதுடையவற்றில் விதைப்பை பருத்ததையே எடுங்கள். அதன் மகள்மாரும் முந்திப் பருவமடைவார்கள். தொப்புள் உறை மிகத் தொங்கும் நாம்பன் பற்றைக் காட்டில் முள்ளுக் குத்திக் கெட்டுவிடும். குணமும் முக்கியம். மனிதரைக் குத்த வரும் நாம்பனை, பெண்களும் பிள்ளைகளும் மாடு பார்க்கும் வீட்டில் வைத்திருக்கவே கூடாது.

நிறையைக் கண்ணால் மதிக்கவேண்டாம். தையற்காரர் நாடா ஒன்று போதும். முன்னங்காலுக்கும் திமிலுக்கும் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவுங்கள். பின்பு தோள் முனையிலிருந்து பின்புறத்துப் பிட்ட எலும்பு வரை நீளம் அளவுங்கள். இரண்டும் சென்ரிமீற்றரில் இருக்கவேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் பிரித்தால் கிலோ வரும். சுற்றளவு 130, நீளம் 110 என்றால் ஏறத்தாழ 171 கிலோ. சில கிலோ முன்பின் இருக்கலாம். ஆனால் ஒரே நாடாவால் எல்லா நாம்பனையும் அளந்தால் எது முந்தியது என்பது தெரிந்துவிடும். வியாபாரியுடன் விலை பேசும்போதும் இது உதவும். உயிர் நிறையில் ஏறத்தாழப் பாதிதான் தோல், தலை, குடல் நீங்கிய உடல் என்பதை அவர் அறிவார், நாமும் அறிந்திருப்போம்.

சிறிய நாகும் பெரிய சாதியும்

சென்ற ஆண்டு நான் போயிருந்த ஒரு வீட்டில், கொட்டில் வெறுமையாய் இருந்தது. அந்த அம்மாவின் ஒரே நாகு தலைக்கன்று ஈன முடியாமல் இரவு முழுவதும் முக்கி, விடியற்காலையில் கன்றோடு செத்துப்போயிற்று. ஊர்மாட்டு நாகு, 200 கிலோகூட இராது. சினைப்படுத்த வந்தவரிடம், "பெரிய சாதி ஊசியாய்ப் போடுங்கோ தம்பி எண்டு நான்தான் கேட்டனான்" என்றார். அவருக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை.

பெரிய சாதியைக் கேட்பது ஆசையினால். பிரீசியன் கன்று பிறக்கும்போதே 40 கிலோ அளவில் இருக்கும். ஜேர்சிக் கன்று 25 கிலோ அளவு. ஊர்க்கன்று அதிலும் குறைவு. தாயின் இடுப்பெலும்பு விரியும் அளவு அவளுடைய உடலைப் பொறுத்தது. கன்றின் பருமன் தகப்பனையும் பொறுத்தது. எனவே தலைக்கன்றுக்கு நாகுவின் அளவுக்கேற்ற ஊர் நாம்பன், அல்லது ஜேர்சிக் கலப்பு போதும். நாகு, முழு வளர்ச்சியடைந்த பசுவின் நிறையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டும்வரை எந்த நாம்பனுக்கும் விடவேண்டாம். இரண்டு மூன்று ஈன்ற, உடல் தேறிய பசுவுக்குச் சாகிவால் போன்ற பெரிய சாதியைக் கொடுக்கலாம்.

சாகிவால் பஞ்சாப்பிலிருந்தும் சிந்தி சிந்து மாகாணத்திலிருந்தும் வந்தவை. வெயிலும் உண்ணியும் இவற்றுக்குப் புதிதல்ல. ஆண் கன்று இறைச்சிக்கும் நிறை வைக்கும், பசுவும் பால் தரும். வெப்ப நாட்டு மாடு தாழ்ந்தது என்ற எண்ணம் எம்மவரிடம் இன்னும் இருக்கிறது. ஆந்திராவின் ஓங்கோல் மாடு கடல் கடந்து போய், நெல்லூர் என்ற பெயரில் இன்று பிரேசில் நாட்டு இறைச்சி மாடுகளில் பெரும்பகுதியாய் நிற்கிறது. மறுபுறம், 2017இல் கப்பலில் இலங்கைக்கு வந்த ஏறத்தாழ 5,000 வெளிநாட்டுக் கறவை மாடுகளில் பல நோயுற்றும் இறந்தும் போக, அவற்றை வாங்கிய பண்ணையாளர் பலர் கடன்பட்டு நின்றதை மறக்கவில்லை. தீனியும் நிழலும் வைத்தியமும் இல்லாத இடத்தில் உயர்ந்த சாதி என்பது ஒரு சுமை.

ஊர்ப்பசுவுக்கு ஜேர்சி ஊசி போட்டுப் பிறந்த முதற்கலப்பு நாகு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அது கண்டு அதற்கும் ஜேர்சி, அதன் மகளுக்கும் ஜேர்சி என்று போய்விடக்கூடாது. மேய்ச்சலையும் வைக்கோலையும் நம்பும் வீட்டில் வெளிநாட்டு இரத்தம் பாதியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. முதற்கலப்புக்குச் சாகிவால் அல்லது ஜேர்சி-சாகிவால் கலப்பைக் கேளுங்கள்.

ஊசியில் வரும் தகப்பன்

செயற்கை முறைச் சினைப்படுத்தலில் தகப்பனை நாம் காண்பதில்லை. மறை 196 பாகையில் திரவ நைதரசனுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய குழாய்தான் அவர். ஆனால் அவருக்கும் முகவரி உண்டு. குழாயின் வெளியே நாம்பனின் இலக்கம், சாதி முதலியன அச்சிடப்பட்டிருக்கும். போட்டு முடிந்ததும் வெறுங்குழாயை வாங்கிப் பார்த்து, கொப்பியில் எழுதிவைக்கவேண்டும். அது எழுதப்படாவிட்டால் மூன்று ஆண்டுக்குப்பின் மகளுக்கும் அதே தகப்பனின் ஊசி போடப்படலாம். இப்படிக் கேட்பதை உத்தியோகத்தர் குறையாக எண்ணமாட்டார்; நல்லவர் என்றால் மகிழ்வார்.

வெளிநாட்டு நாம்பன்களுக்குப் பிறப்பு நிறை, இலகுவான ஈற்று, ஓராண்டு நிறை என்று எண்கள் போட்ட பட்டியல் இருக்கும். அவை அந்நாம்பனின் கன்றுகளை அளந்து கண்ட எண்கள். நூறு கன்று கண்டு சொன்ன கணக்கு, பத்துக் கன்று கண்டு சொன்னதைவிட நம்பத்தக்கது. ஆனால் அந்தக் கன்றுகள் அந்த நாட்டுப் புல்லையும் தானியத்தையும் தின்றவை. ஆகவே நிறையைக் காட்டும் பெரிய எண்ணைக் கண்டு மயங்காமல் இலகுவான ஈற்றையே முதலில் கேட்கவேண்டும்.

நேரம் தவறினால் எந்தச் சாதியும் பயனில்லை. பசு 21 நாளுக்கு ஒருமுறை வேட்கைக்கு வரும். கத்துவதும், பால் குறைவதும், கண்ணாடி போன்ற சளி வடிவதும் அறிகுறிகள். மற்ற மாடு தன்மேல் ஏறும்போது விலகாமல் நிற்பதே நிச்சயமான அடையாளம். ஊர்மாட்டில் இது குறுகிய நேரமே நிற்கும், பல தடவை இரவில் வரும். படுக்கப் போகுமுன் ஒருமுறையும் விடியமுன் ஒருமுறையும் கொட்டிலைப் பார்க்கவேண்டும். காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை ஊசி போடவேண்டும். மூன்று தடவை போட்டும் தங்காவிட்டால் நான்காம் ஊசிக்குக் காசு கொடுக்காமல் மிருக வைத்தியரை அழையுங்கள்.

வைத்தியர் எட்டாத தூரத்திலும், தொலைபேசிக்குப் பதில் வராத நாளிலும் ஊசியை நம்பியிருக்க முடியாது. அங்குதான் ஊர் நாம்பன் வேண்டும். ஆனால் நாம்பன் நோயையும் காவும். பசுவோடு சேரும்போதே பரவி, கருவைக் கலைக்கும் நோய்கள் உண்டு. புரூசெல்லா நோய் பச்சைப் பாலின் மூலம் மனிதருக்கும் தொற்றும். 2020இல் வடக்கில் வெளிப்பட்ட தோல் கழலை நோயின் கிருமி, நோயுற்ற நாம்பனின் விந்திலும் இருக்கக்கூடும். வெளியூர் நாம்பனை வாங்கினால் இரத்தம் சோதித்து, சில கிழமைகள் தனியே கட்டிவைத்த பின்பே சேர்க்கவேண்டும்.

சேர்ந்து வைத்திருத்தல்

ஊர் சேர்ந்து நாம்பன் வைப்பது எப்படி? நாம்பனை நாடாவால் அளந்து, அன்றைய சந்தை விலையைச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிடவேண்டும். அவருடைய தேவை தீர்ந்தது. அந்தக் காசைப் பசுவுக்கு இவ்வளவு என்று பங்கிடுவது: இரண்டு பசு உடையவர் இரண்டு பங்கு, ஒன்று உடையவர் ஒன்று. பசு இல்லாத வீடு கொடுக்கவேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டு முடிவில், அதன் மகள்மார் பருவத்துக்கு வருமுன், அந்த நாம்பனை விற்கவேண்டும். அல்லது இரண்டு குளத்துக்கு அப்பாலுள்ள ஊரின் நாம்பனுடன் மாற்றவேண்டும். தகப்பனோடு மகள் சேர்ந்து பிறக்கும் கன்று பலவீனமாகவே இருக்கும். விற்கும்போது நாம்பன் வாங்கியதைவிட நிறை கூடியிருக்கும். பங்குக் காசு திரும்பி வரும்.

இதோடு மற்றொன்றையும் செய்யாவிட்டால் எல்லாம் வீண். ஒதுக்கிய நாம்பன் கன்றுகளை ஒரு வயதுக்கு முன் நலமடித்துவிடவேண்டும். கல்லால் நசுக்கும் பழைய முறை வேண்டாம், அது கொடுமை. மிருக வைத்திய அலுவலகத்தில் இடுக்கியால் செய்வார்கள். நலமடிக்காத நாம்பன்கள் தெருவில் திரிந்தால், காசு கொடுத்து வைத்த நல்ல நாம்பன் கட்டையில் நிற்க, இரவில் வேறொன்று தகப்பனாகிவிடும்.

களவைப்பற்றியும் சொல்லவேண்டும். நல்ல நாம்பன் என்று ஊருக்குத் தெரிந்தால் கள்ளனுக்கும் தெரியும். குறி சுட்டு, பதிவு செய்து, இரவில் வீட்டுக்கு அருகே கட்டுவதே வழி.

இவ்வாறு ஒரு கிராமத்தில் ஒன்பது குடும்பங்கள் கூடிப் பேசியபோது நானும் இருந்தேன். விலை, பங்கு எல்லாம் ஒருவாறு ஒப்புக்கொள்ளப்பட்டது. அப்போது பின்வரிசையில் இருந்த பட்டிக்காரப் பெரியவர் எழுந்து, "நாம்பனை எல்லாரும் பாவிப்பினம். தவிடு ஆர் போடுறது?" என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது; பின்பு அரைமணி நேரம் அதுவே பேச்சாயிற்று. பசுவைக் கொண்டுவருபவர் ஒரு பேணி தவிடும் கையோடு கொண்டுவரவேண்டும் என்று முடிவாயிற்று. வைக்கோலுக்கு மாதத்துக்கு ஒரு வீடென்று முறை வைத்தார்கள். கட்டுவது எந்த வளவில் என்பதுதான் அன்று முடியவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கூடுவதாகச் சொல்லிப் பிரிந்தார்கள்.